காற்று வருகிறதா?

அக்னி நட்சத்திரத்தில் பிரயாணம் கிளம்புகிறவனுக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது. எனக்கும் சொன்னார்கள். ஆனால் என் அக்காவுக்கு உடையார்பாளையம் பயறணீசுவரர் கோயிலில் ஒரு பிரார்த்தனை பாக்கி இருந்தது. எனக்கோ அந்த ஊர்ப் பழைய அரண்மனையை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கனம் கிருஷ்ணையர் ஜமீன் வித்வானாக இருந்து பாடிய ஊர் அது. உ. வே. சாமிநாதையரின் தகப்பனார் வேங்கடசுப்பையர் அவரிடம்தான் சங்கீதம் கற்றுக்கொண்டார். அந்த வித்வானை வைத்து ஒரு கதை எழுத வேண்டும் என்று நானும் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லிக்கொண்டிருப்பதே ஒரு சுகம், எழுதினால் போய்விடும். இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஒழிந்த நாள் மே மாதத்தில்தான் அமைந்தது.

சென்னையிலிருந்து விடியற்காலம் மூன்று மணிக்கே கிளம்பினோம். வண்டியை ஓட்டியது நான். ஏன் நான் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டிக்குப் பதினெட்டு வயசு ஆகிறது. எப்.ஸி. புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் ஏ.ஸி. இருக்கிறது, அதாவது பொத்தான் இருக்கிறது. எட்டு மாதமாக அந்தப் பொத்தானை அமுக்கினால் சின்ன விளக்கு ஒன்று எரியும், காற்று வரும். குளிர் மட்டும் வராது. மழைக்காலமும் பனிக்காலமும் கண்ணாடியை இறக்கிவிட்டே கழிந்துவிட்டன. மே மாதம் வரும் என்பதை மறந்துதான் போயிருந்தேன்.

கங்கைகொண்ட சோழபுரம் வரைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. ராஜேந்திர சோழனின் கோபுர நிழலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். ஜெயங்கொண்டம் தாண்டினதும் வெயில் தன் சுயரூபத்தைக் காட்டியது. இரண்டு பக்கமும் செம்மண், முந்திரித் தோப்பு. எதிரே சிமெண்டு லாரிகள். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல் இந்தச் சாலையெல்லாம் பொடியாகப் பறந்துகொண்டிருக்கிறது. கண்ணாடியை ஏற்றினால் வெந்தோம், இறக்கினால் வெள்ளையடித்தாற்போல் ஆனோம். அக்காவுக்கு எழுபத்திரண்டு வயசு. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு வேளை மாத்திரை. ஆனாலும் கோயில் வரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காத அக்காவைக் கண்டால் எனக்கு ஐந்து வயசிலிருந்தே பயம்.

தரிசனம் நன்றாக ஆயிற்று. பிராகாரத்தில் உட்கார்ந்து அக்கா ஸ்தல புராணத்தைச் சொன்னாள். மிளகு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வியாபாரி, சுங்கத்துக்குப் பயந்து, "இது பயறு" என்று பொய் சொல்லிவிட்டான். போய் அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இருந்தது பயறேதான். ஓடி வந்து சுவாமியிடம் அழுதான். சுவாமி மனம் இரங்கி மறுபடி மிளகாக்கிக் கொடுத்தார். அதனால் பயறணீசுவரர். கதையை முடித்துவிட்டு எழுந்திருக்கப் போனவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கிறுகிறுங்கறதுடா" என்றாள்.

காண்டீப தீர்த்தக் கரையில் கொஞ்சம் காற்று வந்தது. மோர் வாங்கிக் கொடுத்தேன். முகத்தில் நிறம் திரும்பியது. ஆனால் மணி பதினொன்றரை. சென்னைக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. இந்த அனலில் இவளை ஏற்றிக்கொண்டு எப்படித் திரும்புவது? அரண்மனையை நான் பார்க்கவில்லை. கடைத்தெருவில் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு, மோட்டார் ரிப்பேர் பலகை எங்கே என்று பார்த்துக்கொண்டு போனேன்.

வேப்பமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே அறுபது வயசுப் பெரியவர் ஒருவரும் எடுபிடியாக ஒரு பையனும் இருந்தார்கள். பெரியவர் வண்டியைப் பார்க்கவில்லை, முதலில் அக்காவைப் பார்த்தார். "அம்மாவை உள்ளே உக்காரச் சொல்லுங்க" என்று மேஜை விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பிறகுதான் என்னிடம் வந்தார்.

"என்னாங்கய்யா பண்ணுது?"

"ஏ.ஸி. வேலை செய்யவில்லை. கேஸ் இல்லை. கேஸ் போட வேண்டும்" என்றேன். வைத்தியரிடம் போய் வியாதியின் பெயரையும் மருந்தின் பெயரையும் நாமே சொல்லுகிற பழக்கம்.

அவர் சிரித்தார். "அது கெடக்கட்டும். காத்து வருதுங்களா?"

"வருகிறது."

"சில்லுனு?"

"அனலாக."

"பட்டனை அமுக்கினா முன்னாலே 'டக்'குனு ஒரு சத்தம் வருங்களே, வருதா?"

வருகிறதா? எட்டு மாதமாக அந்தப் பொத்தானைத் திட்டியிருக்கிறேனே தவிர ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. பையன் என்ஜினைக் கிளப்பிப் பொத்தானை அமுக்கினான். நாங்கள் இரண்டு பேரும் பானட்டுக்குள் தலையை நீட்டிக்கொண்டு நின்றோம். ஒரு சத்தமும் இல்லை.

"கிளட்ச்சு பிடிக்கலை" என்றார் பெரியவர்.

இந்த 'டக்' என்ன என்பதை அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். என்னைப்போல் பொத்தானோடு நிற்கிறவர்களுக்காக அதைச் சொல்லிவிடுகிறேன். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? வெளியே கசிகிற ஈரம் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மோட்டாரில் நடப்பதும் அதுதான். ஆனால் இங்கே ஆவியை வெளியே விட்டுவிடுவதில்லை. கம்ப்ரஸர் அதைப் பிடித்து அழுத்துகிறது. வண்டியின் முன்பக்கத்துக் கண்டன்ஸரில் அது தன் சூட்டைக் கக்கிவிட்டுத் திரவமாகிறது. சின்ன துவாரம் வழியாகப் பாய்ந்து, டாஷ்போர்டுக்குப் பின்னால் மறுபடி ஆவியாகி, நம் காற்றிலுள்ள சூட்டை வாங்கிக்கொள்கிறது. இந்தச் சுற்றுக்கு உயிர் கம்ப்ரஸர். அதைச் சுற்றுவது என்ஜின் பெல்ட். பெல்ட்டுக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவே காந்தத் தட்டு ஒன்று இருக்கிறது. மின்சாரம் வந்தால் அது 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும். அதுதான் கிளட்ச். 1939இல் அமெரிக்காவில் பாக்கார்ட் கம்பெனியார் முதன்முதலாகக் காரில் குளிர்சாதனம் வைத்து விற்றபோது இந்தக் கிளட்ச் இல்லை. குளிர் போதும் என்று தோன்றினால் வண்டியை நிறுத்தி, இறங்கி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும்! யந்திரமோ சாமான் வைக்கிற இடத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருக்குமாம்.

இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. பதிலுக்கு வேறொரு கஷ்டம் வந்திருக்கிறது. பொத்தானை அமுக்குவது ஒரு மனுப் போடுவது மாதிரி. மனு ஃப்யூஸ் வழியாகப் போக வேண்டும். கேஸ் போதுமான அழுத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அது கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே பனி கட்டிவிடவில்லை என்று இன்னொன்று சொல்ல வேண்டும். எல்லாரும் சம்மதித்தால் ரிலே என்ற குட்டி டப்பா கதவைத் திறந்து மின்சாரத்தைக் கிளட்சுக்கு அனுப்பும். நடுவே ஒருவர் மறுத்தாலும் பொத்தானில் விளக்கு எரியும், காற்று வரும், குளிர் வராது. நமது சர்க்கார் ஆபீசுகளில் பழகியவர்களுக்கு இது சிரமமில்லாமல் விளங்கும்.

"கேஸு இல்லேன்னாலும் இப்படித்தான் நிக்கும். ஃப்யூஸு போனாலும் இப்படித்தான். ஒயரு அறுந்தாலும் இப்படித்தான். பாக்காம எப்படீங்க சொல்றது?" என்றார் பெரியவர்.

பாக்காம எப்படிச் சொல்றது! நான் சொல்லியிருந்தேன். எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு மனிதரை நிற்க வைத்துச் சொல்லியிருந்தேன்.

என்னிடம் 11 வருஷம் டிரைவராக இருந்தவர் அவர். பேச்சில் அவரை 'நீ' என்றுதான் சொல்வேன். இங்கே எழுதுகையில் 'அவர்' என்று வருகிறது. இந்த மரியாதை கொஞ்சம் தாமதமாக வந்தது என்பதை வாசகர்களிடம் மறைப்பானேன்?

போன செப்டம்பரில் ஒரு நாள், குளிர் குறைந்துவிட்டது, கேஸ் இறங்கியிருக்கிறது என்றார். 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போய், தமக்குத் தெரிந்த ஒரு சின்னக் கடையில் போட்டுக்கொண்டு வந்தார். ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம். பென்சில் எழுத்து, கடைப் பெயர் கூட இல்லை. அன்றைக்கும் மறுநாளும் வண்டிக்குள் மார்கழி மாதம். மூன்றாம் நாள் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் வந்தது, மறுபடி நின்றது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் பெரம்பலூரோடு திரும்பச் சேர்ந்து, 2007இல் மறுபடி தனி மாவட்டமாயிற்றே, அந்த மாதிரி. ஐந்தாம் நாள் அடியோடு நின்றது.

அன்று மாலை நண்பர் ஒருவர் வந்திருந்தார். உலக அநுபவம் உள்ளவர் என்று பெயர் வாங்கியவர். "கால்வாசி கேஸ் போட்டுக் காட்டியிருப்பான். மிச்சப் பணம் எங்கே போயிற்று என்று கேளுங்கள். பில்லும் இல்லை என்கிறீர்களே!" என்றார். நான் எழுதிய கதைகளில் இப்படிப்பட்ட நண்பர்கள் வருவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்கிறவனை நான் அசடனாகத்தான் சித்திரித்திருக்கிறேன்.

டிரைவரைக் கூப்பிட்டேன். அவர் நிதானமாகவே சொன்னார்: "கேஸ் இருக்கு சார். முழுசா நின்னு போட்டு வந்தேன். ஒயரிலேதான் ஏதோ இருக்கு. எலக்ட்ரீஷியன் ஒருத்தர்கிட்டே காட்டிடலாம்."

'இன்னும் பணம்' என்றுதான் அது என் காதில் விழுந்தது. "கேஸை வண்டியிலே போட்டியா, பையிலே போட்டுக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டேன். நண்பர் பக்கத்தில் இருந்தார். கேட்ட கேள்வி சாமர்த்தியமாக இருக்கிறது என்றுகூட அந்தக் கணம் எனக்குத் தோன்றியது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாவியை மேஜைமேல் வைத்தார். வைத்த சாவியை ஒரு தடவை நேராக நகர்த்தி வைத்தார். போய்விட்டார். மாதச் சம்பளத்தில் பாக்கி இருந்த பன்னிரண்டு நாளுக்கும் அவர் திரும்பி வரவில்லை. மணியார்டரில் அனுப்பினேன், வாங்கிக்கொண்டார். அக்கா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. நான் வேறு டிரைவர் வைத்துக்கொள்ளவில்லை. சிக்கனம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன்.

உடையார்பாளையத்துப் பெரியவர் இதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தார். கையில் ஒரு டெஸ்ட் லேம்ப். சின்ன பல்பு, ஒரு பக்கம் ஊசி, ஒரு பக்கம் கவ்வி. ஃப்யூஸின் இரண்டு தலையிலும் ஊசியை வைத்தார். இரண்டிலும் பல்பு எரிந்தது. "இவரு நல்லவரு" என்றார். அடுத்து ரிலே. ஏ.ஸி. ரிலேயும் ஹாரன் ரிலேயும் என் வண்டியில் ஒரே ஜாடை. இதைப் பிடுங்கி அதிலும், அதைப் பிடுங்கி இதிலும் செருகினார். "ஏ.ஸி. வந்து ஆரன் நின்னா, எது வேணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார். சிமெண்டு லாரிகளை நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தச் சோதனை எனக்கு வரவில்லை. ஹாரன் அலறியது, ஏ.ஸி. அசையவில்லை. ரிலேயும் நல்லவர்.

என்ஜினை நிறுத்திவிட்டு, பாட்டரியிலிருந்து தனி ஒயர் ஒன்றை இழுத்து நேராகக் கிளட்சில் தொட்டார்.

'டக்.'

எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். விசிறிக்கு எதிரே கண்ணை மூடிக்கொண்டிருந்த அக்கா கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"கம்ப்ரஸர் கிளட்ச்சு தங்கமா இருக்கு. இனிமே கேஸைப் பாத்திருவோம்" என்றார். பையன் இரண்டு கடிகாரம் வைத்த மீட்டரையும் நீலம், சிவப்புக் குழாய்களையும் கொண்டுவந்தான்.

எனக்கு மார்பு அடித்துக்கொண்டது. எது வர வேண்டும் என்று நான் விரும்பினேன்? உண்மையைச் சொல்லுகிறேன்: கேஸ் இல்லை என்று வர வேண்டும் என்றுதான் விரும்பினேன். பணம் செலவானாலும் பரவாயில்லை, நான் சொன்னது நிலைக்க வேண்டும்.

இந்தக் கேஸ் இருக்கிறதே, பொல்லாத வஸ்து. கண்ணுக்குத் தெரியாது. சாதாரண மூக்குக்கு வாசனையும் எட்டாது. போட்டேன் என்று ஒருவன் சொன்னால் நம்ப வேண்டியதுதான், அல்லது மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தக் குடும்பத்தின் முதல் வாயுவைச் சமைத்த தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்க ரசாயனக்காரர் கூட வெறும் வார்த்தையை நம்பியிருக்கவில்லை. 1930இல் ரசாயன நிபுணர்கள் கூடியிருந்த சபையில் அதை வாய் நிறைய உள்ளே இழுத்து, ஊதி, ஒரு மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்று அப்போதுதான் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பரம சாது வான்மண்டலத்து ஓசோனைத் தின்றுவிடும் என்று மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு பேர் 1974இல் எழுதினார்கள். 1987இல் மாண்ட்ரீயலில் உலக நாடுகள் கூடி அதை ஒழிக்க ஒப்பந்தம் செய்தன. அதன் இடத்துக்கு வந்ததுதான் என் வண்டியில் இருக்கும் 134ஏ. ஓசோனுக்கு இது கெடுதல் செய்யாது. பூமியைச் சூடாக்குவதில் மட்டும் கரியமில வாயுவைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல். குளிருக்காகச் செய்தது சூட்டுக்குக் காரணமாகிறது. இதையும் குறைக்க 2016இல் கிகாலியில் இன்னோர் ஒப்பந்தம் ஆயிற்று.

குழாயை மாட்டினார்கள். இரண்டு முட்களும் எழுந்து, 125 பவுண்டுக்குப் பக்கத்தில் சமமாக நின்றன.

"கேஸ் இருக்குதுங்க" என்றார் பெரியவர்.

அதே வார்த்தை. குரல்தான் வேறு.

"முழுக்க இருக்கிறதா? கால்வாசியா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நிக்கற வண்டியிலே அது தெரியாதுங்க. கொஞ்சம் இருந்தாலும் இவ்வளவு காட்டும், நெறைய இருந்தாலும் இவ்வளவுதான் காட்டும். ஓடினாத்தான் நெசம் தெரியும்."

என் கட்சிக்கு இன்னும் ஒரு நூல் பாக்கி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன்.

கேஸ் உண்டு என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவர் பிரஷர் ஸ்விட்சின் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துப் பார்த்தார். கேஸ் இல்லாமல் இதைச் செய்யக் கூடாதாம். கேஸோடுதான் எண்ணெயும் சுற்றுகிறது, எண்ணெய் போகாமல் கம்ப்ரஸர் ஓடினால் உள்ளே தேய்ந்து கட்டிக்கொள்ளும், செலவு பல ஆயிரத்தில் போய் நிற்கும். ஸ்விட்சும் நிரபராதி என்று ஆயிற்று. ரிலேயிலிருந்து மின்சாரம் கிளம்புகிறது, கிளட்சுக்கு வந்து சேரவில்லை. நடுவே ஒன்றரை முழம் ஒயர். அவ்வளவுதான் பாக்கி.

பாட்டரியைத் தூக்கி வெளியே வைத்தார். பாட்டரித் தட்டுக்கு அடியில் விரலை விட்டுத் துழாவினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, டார்ச் அடித்துக் காட்டினார். கறுப்புச் சுற்றுத் துணி நாராகக் கிழிந்து கிடந்தது. பக்கத்தில் காகிதத் துணுக்கு, தேங்காய் நார், காய்ந்த எலிப் புழுக்கை. ஒயரின் தோல் உரிந்து, செம்பு இழைகள் அறுந்து, இரண்டே இழை ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றன. ஆட்டத்தில் தொட்டால் ஏ.ஸி. வரும், விலகினால் போகும். கடைசியில் அடியோடு விலகியிருக்கிறது.

"எலிங்க. நாளான கடி" என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "புகையிலை வைக்கறதில்லீங்களா? டிரைவருங்க பானட்டுக்குள்ளே காம்போட கட்டி வைப்பாங்களே?"

வைத்திருந்தார். 11 வருஷமும் வைத்திருந்தார். துணியில் முடிந்து பாட்டரி ஓரமாகக் கட்டியிருப்பார். மாதம் ஒரு தரம் மாற்றுவார். போன ஜூலையில் ஒரு நாள் வண்டிக்குள் புகையிலை நாற்றம் அடிக்கிறது என்று நான் முகம் சுளித்தேன். பானட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, "என்ன அசிங்கம் இது? எடுத்து எறி" என்றேன். "எலி வரும் சார்" என்றார். "எலி புகையிலைக்குப் பயப்படுமா, உன் வாய்க்குத்தான் இது" என்றேன். அவர் வெற்றிலை கூடப் போடாதவர். எடுத்து எறிந்துவிட்டார்.

இதையெல்லாம் பெரியவரிடம் நான் சொல்லவில்லை. "இல்லை, வைக்கவில்லை" என்று மட்டும் சொன்னேன்.

அறுந்த இரண்டு முனையையும் சுரண்டிப் பளபளப்பாக்கி, நடுவே புதுத் துண்டு வைத்து முறுக்கி, ஈயம் பற்ற வைத்து, டேப் சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் குழாயும் போர்த்தினார். பாட்டரியை ஏற்றினார். பையன் என்ஜினைக் கிளப்பிப் பொத்தானை அமுக்கினான். 'டக்.' என்ஜின் ஒரு கணம் தயங்கி, மறுபடி சுதாரித்துக்கொண்டது. முன்னால் விசிறி சுழன்றது.

நான் வண்டிக்குள் கையை நீட்டிப் பார்க்கவில்லை. மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முள் இறங்கியது, ஒரு முள் ஏறியது. பெரியவர் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுக்கச் சொல்லி, இரண்டும் நிலைக்கும் வரை காத்திருந்தார்.

"இந்தப் பக்கம் 35. அந்தப் பக்கம் 240. இந்த வெயிலுக்குக் கரெக்டு" என்று குழாயைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "யாருங்க போட்டது? அளவாப் போட்டிருக்காரு. ஒரு சொட்டு இறங்கலை."

அக்காவை முன் சீட்டில் உட்கார வைத்தோம். அவள் இரண்டு உள்ளங்கையையும் காற்றுக்கு நேரே ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அவளும் மீட்டர்ப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"பொய் சொன்னவனுக்கே சுவாமி மூட்டையைத் திருப்பிக் கொடுத்தார்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "நம்பர் இருக்கோல்லியோ? இங்கேயே கூப்பிடு. வீட்டுக்குப் போனா நீ கூப்பிட மாட்டே" என்றாள்.

வேப்பமரத்தடியில் நின்று கூப்பிட்டேன். கதைகளில் எத்தனையோ பேரை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறேன். ஆற்றங்கரையில் வைத்து, ரயிலடியில் வைத்து, மரணப் படுக்கையில் வைத்துக் கூட. அந்த வசனங்களில் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. வந்தவையும் உபயோகப்படும்போல் இல்லை.

நாலைந்து மணி அடித்த பிறகு எடுத்தார். "சொல்லுங்க சார்."

"உடையார்பாளையத்திலிருந்து பேசறேன். ஏ.ஸி. சரியாயிடுத்து" என்றேன். "ஒயர்தான். பாட்டரிக்கு அடியிலே எலி கடிச்சிருக்கு. நீங்க சொன்னதுதான் சரி."

'நீங்க' என்று வாயில் வந்துவிட்டது. அவர் அதைக் கவனித்தாரோ, என்னவோ. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தொடர்பு விட்டுப்போயிற்றோ என்று பார்த்தேன்.

"கேஸ் எவ்வளவு சார் காட்டிச்சு?" என்று கேட்டார்.

"35, 240."

"வெயில் நேரம். சரியா இருக்கு."

"நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அக்கா கூட வந்திருக்காங்களா சார்? இந்த வெயில் அவங்களுக்கு ஆகாதே. கொஞ்சம் கொடுங்க."

கைபேசியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பணம் கொடுக்கப் போனேன். பெரியவர் 400 ரூபாய் கேட்டார். 500 ரூபாய்த் தாளை நீட்டினேன். பையனை அனுப்பிச் சில்லறை மாற்றி வரச் சொல்லி, நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். ரசீது கேட்கிறேனோ என்று அவர் பார்த்த மாதிரி இருந்தது, நான் கேட்கவில்லை. திரும்பி வந்தபோதும் அக்கா பேசிக்கொண்டுதான் இருந்தாள். பெரிய பெண் காலேஜில் சேர்ந்தது, தாம்பரத்தில் ஒரு டாக்டர் வீட்டில் வேலை, ஞாயிற்றுக்கிழமை லீவு எல்லாம் தெரிந்துகொண்டாள். எனக்கு அந்தப் பெண் காலேஜ் போகிற வயசுக்கு வந்துவிட்டாள் என்பதே தெரியாது.

அக்கா பேசி முடித்துக் கைபேசியை என்னிடம் நீட்டினாள். காதில் வைத்தேன். அவர் வைத்துவிட்டிருந்தார்.

"என்ன சொன்னார்?"

"ஜெயங்கொண்டத்திலே நல்ல புகையிலை கிடைக்குமாம். காம்போட வாங்கிக்கச் சொன்னார்."

"திரும்பி வருகிறாராமா?"

"அதை நான் கேட்கலை" என்றாள் அக்கா.

ஜெயங்கொண்டம் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி, ஒரு வெற்றிலைப் பாக்குக் கடையில் கால் கிலோ புகையிலை வாங்கினேன். என் கைக்குட்டையிலேயே முடிந்து பானட்டைத் திறந்தேன். பாட்டரி ஓரத்தில் அவர் கட்டின பழைய சணல் கயிறு, முடிச்சு அவிழாமல், இன்னும் இருந்தது.